உயரமான மரக் கட்டடங்களில் தீப்பாதுகாப்பு: மூடிய மரமா, திறந்த மரமா?

கனடாவின் வான்கூவரில் 2017-இல் திறக்கப்பட்ட பிராக் காமன்ஸ் மாணவர் விடுதியும், நார்வேயின் புருமுண்டாலில் 2019-இல் கட்டி முடிக்கப்பட்ட மியோஸ்டோர்னெட்டும் 18 மாடிகள் கொண்டவை. இரண்டிலும் சுமையைப் பெரும்பாலும் மரமே தாங்குகிறது. தீயை எதிர்கொள்ளும் முறையில்தான் இவை வேறுபடுகின்றன.

வான்கூவர் விடுதியில் தூண்களையும் தளங்களையும் பல அடுக்கு ஜிப்சம் பலகைகளால் மூடியிருக்கிறார்கள். மாடிப்படிகளும் லிஃப்டுகளும் கான்கிரீட் கூடுகளுக்குள் உள்ளன. ஜிப்சத்தில் பிணைந்துள்ள நீர் ஆவியாகித் தீரும்வரை அதன் பின்னுள்ள மரம் அதிகம் சூடேறாது. அறையிலுள்ள பொருள்கள் எரிந்து தீரும்வரை மரம் தீயில் சேராவிட்டால், கான்கிரீட் கட்டடத்தில் போலவே தீ தானாக அடங்கிவிடும்.

மியோஸ்டோர்னெட்டில் ஒட்டுமரத் தூண்கள் (மரப்பட்டைகளை அடுக்கிப் பசையால் ஒட்டிச் செய்தவை) வெளியே தெரிகின்றன. கரியாகிப்போகும் அளவையும் கணக்கிட்டே அவற்றைப் பருமனாக்கியிருக்கிறார்கள். ஐரோப்பிய விதிப்படி ஒட்டுமரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.7 மி.மீ. கரியாகும். 120 நிமிடங்களில் இது 84 மி.மீ.; சூட்டில் வலுவிழக்கும் உள்ளடுக்குக்கு 7 மி.மீ. சேர்த்தால், தீ படும் ஒவ்வொரு முகத்திலும் 91 மி.மீ. கழித்த பிறகும் எஞ்சிய மரம் சுமையைத் தாங்க வேண்டும். இணைப்புகளிலுள்ள எஃகுத் தகடுகள் மரத்துக்குள் ஆழமாகப் புதைக்கப்பட்டுள்ளன. இடைவெளிகளில் சூடுபட்டால் உப்பி அடைத்துக்கொள்ளும் பட்டைகள் உள்ளன. தீயின் சூட்டில் தானாக நீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர்களும் உண்டு.

இந்தக் கணக்கு நேர்த்தியானதுதான். ஆனால் தீ அணைந்த பிறகு நடப்பதை அது முழுமையாகச் சொல்வதில்லை. திறந்த மரம் தானே எரிபொருளாகிறது. சுடர் அடங்கிய பின்னும் வெப்பம் உள்நோக்கிப் பரவிக்கொண்டே இருக்கும். 100 டிகிரி செல்சியஸில் மரத்தின் அமுக்க வலிமை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைவதாக அதே ஐரோப்பிய விதி கொள்வதால், தீயில் நின்ற தூண் ஆறும்போது சரியக்கூடும். மர அடுக்குகளை ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்து ஒட்டிய குறுக்கடுக்குப் பலகைகளில் பசை இளகினால், கரிந்த அடுக்கு உதிர்ந்து புது மரம் பற்றிக்கொள்ளும். அதனால்தான் வட அமெரிக்கத் தரநிலை 2018-இல் வெப்பம் தாங்கும் பசையைக் கட்டாயமாக்கியது. 2021-ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கட்டட விதித்தொகுப்பும் மரத்தை முழுவதும் மூடினால் 18 மாடி வரையிலும், பெரும்பாலும் திறந்துவிட்டால் அதிகபட்சம் 9 மாடி வரையிலும்தான் அனுமதிக்கிறது.

ஆகவே, மக்கள் உறங்கும் உயரமான குடியிருப்புகளுக்கு மூடிய முறையையே நான் பரிந்துரைப்பேன். அதன் பலவீனம் வேலைத்தரத்தில் இருக்கிறது: குழாய்க்காகத் துளைத்த ஓட்டையைச் சரிவர அடைக்காவிட்டால் தீ அந்த வழியே மரத்தை எட்டிவிடும், பலகைக்குப் பின்னால் நீர் கசிந்தாலும் கண்ணில் படாது. எனவே ஒவ்வொரு தளத்திலும் பலகைகளை மூடும் முன்னரே பொறியாளர் நேரில் பார்த்து ஒப்பமிட வேண்டும்; பின்னாளில் குடியிருப்போர் சுவரைத் துளைப்பதற்கும் அனுமதி தேவை.