அக்னிவீரா, சிஆர்பிஎஃப்பா? முதலில் உயரத்தை அளந்து பார்

எங்கள் ஊரில் ராணுவத்துக்கும் துணை ராணுவத்துக்கும் ஒரே பெயர்தான்: பட்டாளம். அக்கா மகன் பிளஸ் டூ முடித்துவிட்டுக் கூட்டாளியோடு வந்து, "மாமா, எந்தப் பட்டாளத்துக்கு எழுதலாம்?" என்று கேட்டான். இருவரையும் சுவரோரம் நிற்கவைத்து, தலைமேல் ஸ்கேலை வைத்துப் பென்சிலால் கோடு போட்டேன். இவன் 168 செ.மீ., கூட்டாளி 171.

பாதி விடை சுவரிலேயே இருந்தது. ராணுவத்தில் நான்காண்டுச் சிப்பாயாக எடுக்கும் அக்னிவீர் பொதுப்பணிக்குத் தமிழ்நாட்டுப் பையன்களிடம் கேட்கும் உயரம் 166. சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப், சிஐஎஸ்எஃப் என்ற துணை ராணுவப் படைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையமான எஸ்எஸ்சி நடத்துகிற ஜிடி (பொதுப்பணி) கான்ஸ்டபிள் தேர்வில் பொதுவாக 170. இரண்டு சென்டிமீட்டரில் ஒரு கதவு மூடிவிடுகிறது. இதைப் பார்க்காமலே ஆறு மாதம் கோச்சிங்குக்குப் பணம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கூட்டாளிக்கு இரண்டு கதவும் திறந்திருப்பதால், மேற்கொண்டு பேச்செல்லாம் அவனை வைத்துத்தான் போனது.

அக்னிவீருக்கு நான்கே ஆண்டுகள். முதல் ஆண்டு மாதம் 30,000 ரூபாய், நான்காம் ஆண்டில் 40,000. அதில் 30 சதவீதம் பிடித்துவிடுவதால் கைக்கு வருவது 21,000-இல் தொடங்கி 28,000 வரை. பிடித்த தொகைக்குச் சமமாக அரசும் போடுகிறது. முடிவில் வட்டியோடு சுமார் 11.71 லட்சம், வரி இல்லாமல். அதோடு சரி, பணிக்கொடையும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிரந்தரமாவார்கள். முன்பெல்லாம் சிப்பாயாகச் சேர்ந்து 15 வருஷம் முடித்தாலே பென்ஷனோடு ஊர் திரும்பலாம். அந்தத் தலைமுறையைப் பார்த்து வளர்ந்த அப்பாக்கள் இன்னமும் அதே கணக்கில்தான் பிள்ளையை அனுப்புகிறார்கள்.

ஜிடி கான்ஸ்டபிளுக்கு அடிப்படைச் சம்பளம் 21,700. கேட்க அக்னிவீரை விடக் குறைவுதான். ஆனால் அதன்மேல் அகவிலைப்படி முதலான படிகள் ஏறும், ஆண்டுதோறும் இன்கிரிமென்ட் உண்டு, 60 வயது வரை வேலை. இங்கும் பழைய பென்ஷன் கிடையாது. 2004-க்குப் பின் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியமான என்பிஎஸ், 2025 ஏப்ரல் முதல் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டமான யுபிஎஸ் என்று இன்னொரு வழி. துணை ராணுவம் என்றால் ஆபத்து குறைவு என்று நினைக்க வேண்டாம். 2019 பிப்ரவரியில் புல்வாமாவில் இறந்த 40 பேரும் சிஆர்பிஎஃப்காரர்கள். அதில் இருவர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள்.

கிரவுண்டில் இரண்டும் வேறு வேறு ஓட்டம். ராணுவத்தில் 1.6 கி.மீ.; ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால் முழு மதிப்பெண் 60 என்பதுதான் நெடுநாளாக இருந்த கணக்கு. நெஞ்சு வெடிக்கிற ஓட்டம் அது. ஜிடியில் 5 கி.மீ., 24 நிமிடம். அதற்குள் முடித்தால் போதும், மார்க் கிடையாது. மார்க் எல்லாம் கம்ப்யூட்டர் தேர்வில்தான், 2024 முதல் அதைத் தமிழிலேயே எழுதலாம்.

வயதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அக்னிவீரர்களை எடுக்கும் அக்னிபத் திட்டத்தை 2022-இல் அறிவித்தபோது வைத்த வரம்பு பதினேழரை முதல் 21. சாதிவாரிச் சலுகை கிடையாது. ஜிடிக்கு 18 முதல் 23, ஓபிசிக்கு மேலும் மூன்று வருஷம், எஸ்சி, எஸ்டிக்கு ஐந்து. ஆனால் நம் பிசி, எம்பிசி சான்றிதழை அங்கே நீட்டினால் எடுபடாது. மத்திய அரசுப் படிவத்தில் தனி ஓபிசி சான்றிதழ் வேண்டும். தெருவில் ஒரு பையன் எழுத்துத் தேர்வு, ஓட்டம் எல்லாம் தேறி, இந்த ஒரு தாளுக்காகச் சரிபார்ப்பன்று திரும்பி வந்தான்.

கூட்டாளி வீட்டில் அவன் சம்பளத்தை நம்பித்தான் அடுப்பு எரிய வேண்டும். அதனால் ஜிடிதான் என்றேன், தயங்கவில்லை. ராணுவ ஆசை விடாவிட்டால் வயது வரம்பு இருக்கும்வரை இரண்டுக்கும் எழுதட்டும், இரண்டும் கிடைத்தால் ஜிடியை எடுக்கட்டும். அக்கா மகனுக்கு அந்தக் குழப்பமே இல்லை. இருந்தாலும் தினமும் காலையில் கதவுக் கம்பியில் தொங்குகிறான், இரண்டு சென்டிமீட்டர் வளருமாம். பென்சில் கோடு இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது.