மலைப்பாதையில் ஏசிக்கு டச் ஸ்கிரீனா, திருகும் நாப்பா?

புது கார் பார்க்கும்போது மைலேஜ் கேட்கிறோம், டிக்கி அளக்கிறோம். ஏசியை எதைத் தொட்டு இயக்குவது என்று கேட்பவர் குறைவு. நீலகிரியில் ஓட்டுபவருக்கு அதுதான் முதல் கேள்வி. நாப் வைத்த மாடலைத்தான் நான் எடுத்தேன், காரணம் மூடுபனி.

மேப், ரிவர்ஸ் கேமரா இரண்டுக்கும் திரைக்கு ஈடில்லை. பாட்டுத் தேடவும் அதுவே வசதி. இதில் வாதமே கிடையாது.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர்ப் பக்கம், அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மழையும் பனியும் சேர்ந்து வரும். உள்ளே நான்கு பேர் மூச்சுவிட்டால் போதும், குளிர்ந்த முன்கண்ணாடி வெளுத்துவிடும். தெளிய ஐந்து வேலை: காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்ப வேண்டும், வெளிக்காற்றை உள்ளே விட வேண்டும், ஏசி, சூடு, ஃபேன் மூன்றையும் கூட்ட வேண்டும். ஏசி ஈரத்தை எடுக்கும், சூடு கண்ணாடியை வெதுவெதுப்பாக்கும். பலர் ரீசர்குலேஷனை, அதாவது உள்காற்றையே சுற்றவிடும் அமைப்பை, அணைக்க மறப்பார்கள். விட்ட மூச்சின் ஈரமே உள்ளே சுற்றும், கண்ணாடி தெளியாது.

இந்த ஐந்தையும் வளைவில் செய்ய வேண்டியிருப்பதுதான் சிக்கல். 30 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 8 மீட்டர் நகரும். திரையில் சரியான பக்கத்தைத் திறந்து, பட்டன் படத்தைத் தேடி, குலுங்கும் விரலால் தொட 2 நொடி போனால் 16 மீட்டர் பார்க்காமல் ஓட்டியாகிவிட்டது. கண் திரையில் இருக்கும்போது மனம் சாலையையும் கவனிக்காது. மாறி மாறித்தான் பார்க்கும். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பின் 2013 வழிகாட்டுதல் ஒரு பார்வைக்கு 2 நொடி, ஒரு வேலைக்கு மொத்தம் 12 நொடி என்று வரம்பு வைத்ததும் இதனால்தான். 2022-ல் ஸ்வீடனின் வி பிலாகரே என்ற கார் இதழ் 110 கி.மீ. வேகத்தில் சோதித்தபோது, பட்டன்கள் வைத்த 2005 வோல்வோவில் 10 நொடியில் முடிந்த சில வேலைகளுக்கு, திரை வைத்த ஒரு காரில் 44.9 நொடி ஆனது.

நாப்பைக் கை பார்க்காமலே கண்டுபிடிக்கும். ஆனால் எல்லா நாப்பும் ஒன்றல்ல. இரு முனையிலும் தடுத்து நிற்கும் நாப் எந்த நிலையில் இருக்கிறது என்பதை விரலே சொல்லிவிடும். முடிவில்லாமல் சுற்றும் வகையில் அளவைத் தெரிந்துகொள்ளத் திரையைத்தான் பார்க்க வேண்டும்; பாதிப் பயன் போய்விடுகிறது. வழவழப்பான பலகையில் பட்டன் போல வரைந்த தொடுபரப்பும் திரைக்குச் சமம்தான். கம்பளிக் கையுறை போட்டால் அது பெரும்பாலும் வேலையே செய்யாது.

கியர், திரை இரண்டும் இடது கைக்கே என்பதையும் மறக்கக் கூடாது. இரண்டாம் கியருக்கு இறக்கும் வளைவில் அந்தக் கை திரைக்குப் போக முடியாது.

ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பெண் தரும் யூரோ என்கேப் அமைப்பு 2026 முதல் முழு மதிப்பெண்ணுக்குக் கேட்பதாக அறிவித்த ஐந்து நேரடிப் பட்டன்களில் வைப்பர், ஹாரன் உண்டு. பனி நீக்கி இல்லை. ஆகவே அதை நாமே பார்த்து வாங்க வேண்டும்.

ஆட்டோ ஏசியில் முன்கண்ணாடிக்கென்று தனிப் பட்டன் ஒன்று இருந்தால் மீதித் திரையைப் பொறுத்துக்கொள்ளலாம். குரல் கட்டளையை மழைச் சத்தத்தில் நான் அதிகம் பயன்படுத்தியதில்லை. அதை மட்டும் நம்பி வாங்கச் சொல்ல மாட்டேன்.

ஷோரூமில் வண்டி நிற்கும்போது கண்ணை மூடிக்கொண்டு காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்புங்கள், ரீசர்குலேஷனை அணையுங்கள், ஃபேனை உச்சத்துக்குக் கொண்டுபோங்கள். நாலைந்து முறை பழகியும் கைக்கு வரவில்லை என்றால் அடுத்த மாடலைப் பாருங்கள்.