குளமா, இயந்திர ஆலையா?

கனடாவின் மானிட்டோபா மாதிரி மாகாணங்களில் சில நூறு பேர் வாழும் ஒரு பூர்வகுடிக் குடியிருப்பு. அதன் கழிவுநீரை எங்கே சுத்தம் செய்வது? குளத்திலா, இயந்திர ஆலையிலா?

குளம் என்றால் களிமண்ணோ பிளாஸ்டிக் விரிப்போ போட்டு நீர் இறங்காமல் செய்த ஆழமில்லாத பள்ளம். பாசி ஆக்சிஜன் தரும், பாக்டீரியா கழிவைத் தின்னும். மோட்டார் அதிகம் தேவையில்லை. சிக்கல் குளிர்காலத்தில்தான். மேலே பனி மூடியதும் வெளிச்சமும் காற்றும் நின்றுபோய், பாக்டீரியாவும் மந்தமாகிவிடும். அதனால் மாதக்கணக்கில் நீரைத் தேக்கிவைத்து, வசந்தத்திலோ இலையுதிர் காலத்திலோ திறந்துவிடுவார்கள். பனி உருகும் வாரங்களில் நாற்றமும் அடிக்கும். அப்புறம், இதற்கு நிறைய இடம் வேண்டும். பாறை நிலத்தில் தோண்டுவதும் லேசில்லை.

ஆலைக்கு இடம் கொஞ்சம் போதும், ஆண்டு முழுக்க ஓடும். ஆனால் பாக்டீரியாவுக்குக் காற்று ஊதும் பொறிக்கு ஓயாமல் மின்சாரம் வேண்டும். கசடை அடிக்கடி அகற்ற வேண்டும். குளத்தில் அந்த வேலை பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான்.

2012-இல் வந்த கூட்டாட்சி விதிகள், நாளுக்குச் சராசரியாக 100 கன மீட்டரும் அதற்கு மேலும் கழிவுநீர் சேரும் அமைப்புகளுக்கு, மிதக்கும் திடப்பொருள் சராசரியை லிட்டருக்கு 25 மில்லிகிராமுக்குள் நிறுத்தச் சொல்கின்றன. கோடையில் பாசி பெருகினால் குளத்து நீரில் அந்தத் திடப்பொருளும் கூடும். சரி, ஆலைக்கு மாறலாமா? பயிற்சி பெற்ற ஒரே ஆபரேட்டர் வேலையை விட்டுப் போனால் ஆலை தடுமாறும், குளம் அவ்வளவு சீக்கிரம் கெடாது. இடம் இருக்கும்வரை என் ஓட்டு குளத்துக்குத்தான்.