ஃபெட் வட்டியா, ரெப்போ வட்டியா: பிட்காயினை அசைப்பது எது?

மும்பை மாட்டுங்காவிலிருந்து ரிசர்வ் வங்கித் தலைமையகம் ஒரு லோக்கல் ரயில் தூரம்தான். ஆனால் பிட்காயின் விலையை ஆட்டுவிக்கும் கை வாஷிங்டனில் இருக்கிறது: அமெரிக்க மத்திய வங்கியான ஃபெட்.

2022 மார்ச் முதல் 2023 ஜூலை வரை ஃபெட் தன் வட்டியைப் பூஜ்யத்தை ஒட்டிய நிலையிலிருந்து 5.25–5.50 சதவீதத்துக்கு ஏற்றியது. அமெரிக்க அரசுப் பத்திரமே நல்ல வட்டி தரும்போது, வட்டியே தராத பிட்காயினில் பணம் ஏன் தங்கும்? 2021 நவம்பரில் சுமார் 69,000 டாலருக்குப் போன விலை, ஓராண்டில் 16,000க்குக் கீழே இறங்கியது. (எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ சந்தையின் திவாலுக்கும் அதில் பங்குண்டு, பழி முழுவதும் வட்டிக்கல்ல.) ஃபெட் முடிவு நம் நேரப்படி இரவு 11.30க்கு, குளிர்காலத்தில் 12.30க்கு வரும். எதிர்பார்த்த உயர்வு விலையில் முன்பே ஏறியிருக்கும். ஆட்டம் காண்பது எதிர்பாராததால்தான். அரை மணி கழித்துத் தலைவர் பேசும்போது விலை திசை மாறுவதும் உண்டு. கடனில் ஃபியூச்சர்ஸ் (வருங்கால விலையைக் கணித்துப் போடும் ஒப்பந்தம்) எடுத்தவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடைவெளியில்.

ரெப்போ வட்டி, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி, உங்கள் இஎம்ஐயை மாற்றும். பிட்காயினின் டாலர் விலையை அநேகமாகத் தொடாது. ரூபாய் மதிப்பு வழியாகச் சிறு தாக்கம் உண்டு, அவ்வளவே. ரிசர்வ் வங்கியின் உண்மையான பலம் வாசலை மூடுவதில்: 2018 ஏப்ரலில் கிரிப்டோ நிறுவனங்களுக்கு வங்கிச் சேவையைத் துண்டித்தது, 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

ஃபெட் இரவுகளில் வாங்கி விற்கும் ஆசை இருந்தால் வரிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு லட்சத்துக்கு விற்றால் நஷ்டமானாலும் 1,000 ரூபாய் டிடிஎஸ். லாபத்தில் 30 சதவீத வரி. ஒரு காயினின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது.