தோற்றவருக்கு நாற்காலி: வியன்னாவா, வெர்சாயா?

எங்கள் ரப்பர் தோட்டம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து கால் மணி நேரத் தொலைவில் இருக்கிறது. அங்குள்ள மாரியம்மன் கோயில் நிர்வாகம் மூன்று வருடம் இரண்டு அணியாகப் பிளந்து கிடந்தது. போன வருட ஆண்டுக் கூட்டத்தில் எங்கள் அணி ஜெயித்தது. எதிரணியிடம் சாமான் அறைச் சாவியும் கணக்குக் காட்டாத 4,200 வெள்ளியும் (ரிங்கிட்) இருந்தன. நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன். "நிபந்தனைகளை நீங்களே எழுதிவிடுங்கள், சார்" என்று தலைவர் அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார். அதற்குள் எங்கள் பக்கத்து இளைஞர்கள் ஒரு தாளைத் தயார் செய்திருந்தார்கள். பணம் முழுவதையும் ஒரே தவணையில் கட்ட வேண்டும். திருவிழாக் கூட்டத்தின் முன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டு கடிதம் வாசிக்க வேண்டும். பத்து வருடத்துக்கு உபயம் கிடையாது. படித்ததும் எனக்கு 1919 நினைவுக்கு வந்தது.

அன்றிரவு, நெப்போலியனின் பிரான்ஸைத் தோற்கடித்தவர்கள் கூடிய 1815-இன் வியன்னாவையும், முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியோடு ஒப்பந்தம் போட்ட 1919-இன் வெர்சாயையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தேன். கடைசியில் வியன்னா பக்கம் சாய்ந்தேன். ஆகவே இந்த அலசலை நடுநிலையானது என்று யாரும் நம்ப வேண்டாம்.

வியன்னா கருணை காட்டியது, வெர்சாய் பழி வாங்கியது என்று நானே இருபது வருடம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அது பாதி உண்மைதான். நெப்போலியன் எல்பாவிலிருந்து திரும்பி வந்து வாட்டர்லூவில் தோற்ற பிறகு, 1815 நவம்பர் 20-ஆம் தேதி ஒப்பந்தம் பிரான்ஸ் மீது 700 மில்லியன் பிராங்க் அபராதம் விதித்தது. 1,50,000 படைவீரர்களை அதன் மண்ணில் நிறுத்தி, அவர்களுடைய சோற்றுச் செலவையும் அதன் கணக்கிலேயே எழுதியது. இதைக் கருணை என்று சொல்ல முடியாது. 1871-இல் பிரான்ஸைத் தோற்கடித்த ஜெர்மனி 5 பில்லியன் பிராங்க் கேட்டது. பிரான்ஸ் அதை 1873-க்குள், கெடுவுக்கு முன்பே கட்டி முடித்தது. பகை போகவில்லை. அல்சேஸ், லொரேன் பகுதிகள் பறிபோனதுதான் நெஞ்சில் நின்றது. ஆகவே தொகை பெரியதா சிறியதா என்ற வாதத்தை நான் ஓரமாக வைத்துவிட்டேன்.

நாற்காலி விஷயம் வேறு. 1814 செப்டம்பரில் வியன்னாவுக்கு வந்த பிரெஞ்சுப் பிரதிநிதி தாலேராந்த், தோற்ற நாட்டிலிருந்து வந்தவர்தான். வந்த சில மாதங்களிலேயே, 1815 ஜனவரி 3-ஆம் தேதி, பிரிட்டனின் காசல்ரேயும் ஆஸ்திரியாவின் மெட்டர்னிக்கும் அவரோடு ஒரு இரகசிய உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். அது யாருக்கு எதிராக? தங்களோடு சேர்ந்து ஜெயித்த ரஷ்யாவுக்கும் பிரஷ்யாவுக்கும் எதிராகத்தான். ஜெயித்தவர்கள் தங்களுக்குள் முட்டிக்கொள்ளும்போது தோற்றவனின் கையும் தேவைப்படுகிறது. வெர்சாயிலோ ஜெர்மானியர்களை வேலி அடைத்த ஒரு ஹோட்டலில் தங்க வைத்தார்கள். 1919 மே 7-ஆம் தேதி தயாரான நிபந்தனைகளை அவர்கள் கையில் கொடுத்து, எழுத்தில் பதில் தர 15 நாள் கெடு வைத்தார்கள். நேருக்கு நேர் பேச்சே நடக்கவில்லை. ஜூன் 28-இல் கையெழுத்து நடந்தது கண்ணாடி மண்டபத்தில். 1871-இல் ஜெர்மன் பேரரசு பிரகடனம் செய்யப்பட்ட அதே மண்டபம் அது. போர் இழப்புகளுக்கு ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளுமே பொறுப்பு என்று, இழப்பீட்டுக்குச் சட்ட அடித்தளமாக எழுதப்பட்ட 231-ஆம் பிரிவை ஜெர்மனியில் எல்லாரும் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் கடிதமாகவே படித்தார்கள். எங்கள் இளைஞர்களின் தாளில் இருந்ததும் அப்படிப்பட்ட கடிதம்தான்.

என்னை வியன்னா பக்கம் தள்ளியது இதுவும் அல்ல. பராமரிப்புத்தான்.

என் அம்மா பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டியவர். கத்தி பட்டையில் ஒரு மயிரிழை ஆழமாக இறங்கினால் அன்றைக்குப் பால் கூடுதலாக வடியும். ஆனால் மரம் காயப்பட்டுவிடும். அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். சில வருடம் கழித்து அதே பக்கத்துக்குத் திரும்பி வரும்போது அங்கே கத்தியை வைக்கவே முடியாது. மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்) முதலில் வாளியைப் பார்க்க மாட்டார். பட்டையில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அம்மாவிடம் பேசுவார் அல்லது ஏசுவார். சமாதான ஒப்பந்தத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. கையெழுத்தான அன்று எவ்வளவு வடிந்தது என்பது இரண்டாவது கேள்வி. மறுநாளிலிருந்து மரத்தை யார் பார்த்துக்கொள்வது?

வியன்னாக்காரர்கள் அதற்கு ஆள் வைத்திருந்தார்கள். பிரான்ஸோடு ஒப்பந்தம் கையெழுத்தான அதே நாளில் பிரிட்டன், ஆஸ்திரியா, பிரஷ்யா, ரஷ்யா நான்கும் தனியாக ஒரு உடன்பாடு செய்துகொண்டன. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கூடிப் பேசுவது என்பது அதில் ஒரு பிரிவு. படை அதிகபட்சம் ஐந்து வருடம்தான் இருக்கும் என்ற கெடுவும் எழுத்தில் இருந்தது. அபராதத்தைக் கட்டப் பிரான்ஸுக்கு பேரிங், ஹோப் வங்கிகள் கடன் திரட்டிக் கொடுத்தன. 1818-இல் ஆகென் நகரில் கூடியபோது கணக்கை முடித்து, படையை இரண்டு வருடம் முன்கூட்டியே திரும்ப அழைத்து, பிரான்ஸையும் தங்களோடு உட்கார வைத்துக்கொண்டார்கள். தோற்று மூன்றே வருடத்தில்!

வெர்சாய்க்குக் காவல் இருந்திருக்க வேண்டியவர் அமெரிக்க அதிபர் வில்சன். அவருடைய நாட்டு செனட்டே 1919 நவம்பரிலும் 1920 மார்ச்சிலும் ஒப்பந்தத்தை நிராகரித்தது. அதனால் ஜெர்மனி தாக்கினால் உதவிக்கு வருவோம் என்று அமெரிக்காவும் பிரிட்டனும் பிரான்ஸுக்குத் தந்த உறுதியும் செல்லாமல் போனது. பயந்துபோன பிரான்ஸ் காகிதத்தை எழுத்துக்கு எழுத்துப் பிடித்துக்கொண்டது. 1921-இல் இழப்பீடு 132 பில்லியன் தங்க மார்க் என்று முடிவானது. அடுத்த வருடக் கடைசியில் இழப்பீட்டின் பகுதியாக ஜெர்மனி தர வேண்டிய தந்திக் கம்ப மரங்கள் உரிய எண்ணிக்கையில் வந்து சேரவில்லை என்று ஒரு தவறு பதிவானது. பிரிட்டிஷ் பிரதிநிதி அதை ஏற்கவில்லை. 1923 ஜனவரியில் பிரான்ஸும் பெல்ஜியமும் ஜெர்மனியின் ரூர் தொழிற்பகுதிக்குள் படையோடு நுழைந்தன. ஜெர்மனி, ஐ.நா.வுக்கு முன்னோடியான நாடுகள் சங்கத்தில் சேர 1926 வரை காத்திருந்தது. ஒன்றையும் மறைக்கக் கூடாது: ஜெர்மனியின் ரைன்லாந்து பகுதியிலிருந்து நேச நாட்டுப் படையும் 1930-இல், கெடுவுக்கு ஐந்து வருடம் முன்பே வெளியேறியது. ஆனால் அந்தச் சலுகை, ஜெர்மனியில் அதைக் கேட்டு வாங்கியவர்களின் கை ஏற்கெனவே தளர்ந்திருந்த நேரத்தில் வந்தது.

வியன்னாவின் கறையையும் சொல்லிவிடுகிறேன். போலந்துக்காரர்களைக் கேட்காமலே போலந்தைப் பங்கு போட்டார்கள். ஒழுங்காகக் கூடிப் பேசிய அதே கூட்டங்கள், பின்னால் நேப்பிள்ஸிலும் ஸ்பெயினிலும் அரசியல் சட்டம் கேட்டவர்களை நசுக்கவும் துணை போயின. நாற்காலி கிடைத்தவர்களுக்குத்தான் வியன்னா நல்லது.

இது எங்கள் வீட்டுக்கும் தெரிந்த கதைதான். 1951 செப்டம்பர் 8-ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில், இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜப்பானோடு 48 நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தம், தோற்றவனைத் தூக்கி நிறுத்துவதில் வியன்னாவையும் மிஞ்சியது. இலங்கையின் ஜெயவர்த்தனா தம்மபதத்தை மேற்கோள் காட்டி, இழப்பீடு வேண்டாம் என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. என் பெரியப்பாவை 1943-இல் ஜப்பானியர்கள் சயாம்–பர்மா ரயில் பாதை போடும் வேலைக்குக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் பாதை. நம் தோட்டங்களிலிருந்து போன பல்லாயிரம் தமிழர்களில் அவரும் ஒருவர். அவர் திரும்பவில்லை. பாட்டி அவருடைய ஒரு வேட்டியைத் தகரப்பெட்டியில் கடைசி வரை மடித்து வைத்திருந்தார். அந்த ஒப்பந்தத்தின் 16-ஆம் பிரிவு, போர்க்கைதிகளாகத் துன்பப்பட்ட நேச நாட்டுப் படையினருக்குப் பணம் ஒதுக்கியது. தோட்டத் தொழிலாளி படைவீரன் இல்லையே. அப்போது மலாயாவுக்கும் சேர்த்து பிரிட்டன்தான் கையெழுத்துப் போட்டது. 1967-இல் ஜப்பான் மலேசியாவுக்குத் தர ஒப்புக்கொண்ட 25 மில்லியன் வெள்ளியும் நாட்டுக்குத்தான் போனது, பாட்டிக்கு வரவில்லை. அதனால் சான் பிரான்சிஸ்கோவை நல்ல உதாரணம் என்று என் வாயால் சொல்ல மாட்டேன். அரசியல் அறிஞர்கள் வேறு மாதிரி எடை போடலாம்.

பக்கத்திலேயே ஒரு கணக்கும் இருக்கிறது. 1955 டிசம்பரில் பாலிங் பள்ளிக்கூடத்தில் மலாயாவின் முதலமைச்சர் துங்குவும் ஆயுதமேந்திப் போராடிய கம்யூனிஸ்டுகளின் தலைவர் சின் பெங்கும் பேசிய பேச்சு, சரணடைவது என்ற ஒரு சொல்லில் முறிந்தது. 1989 டிசம்பர் 2-ஆம் தேதி தாய்லாந்தின் ஹாட்யாயில் அந்தச் சொல் இல்லாமலே சமாதானம் கையெழுத்தானது. இடையில் 34 வருடங்கள்.

நான் எழுதிக் கொடுத்த தாளில் மன்னிப்புக் கடிதம் இல்லை. 4,200 வெள்ளியை மாதம் 200 வீதம் 21 தவணையில் கட்டலாம். சாவி அன்றைக்கே எங்கள் கைக்கு வர வேண்டும். எதிரணியிலிருந்து இருவர் உடனே நிர்வாகக் குழுவில் உட்காரலாம். உபயம் மட்டும் ஒரு வருடம் கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு பக்கமும் கூடிக் கணக்கைப் பார்க்க வேண்டும். இளைஞர்கள் என்னோடு இரண்டு வாரம் பேசவில்லை.

பதினொரு மாதம் ஆகிறது. இதை வைத்து வெற்றி என்று மார்தட்ட முடியாது. 1818 இன்னும் வரவில்லை. ஒன்பது தவணை வந்திருக்கிறது, இரண்டு மாதத் தவணை பாக்கி. போன கூட்டத்தில் தலைவர், "மீதியைத் தள்ளுபடி செய்துவிடலாமே, சார், திருவிழா வருகிறது" என்றார். எதிரணியின் இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தவணையை 100 ஆகக் குறைக்கலாம், பாக்கியைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்றேன் நான். ஞாயிற்றுக்கிழமை காலை, பசியாறிய பிறகு, மறுபடி கூடுகிறோம்.