கால் மணி நேர மணற்கடிகாரம்: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

எட்டு மாதங்களாக என் மேசையில் ஒரு மணற்கடிகாரம் இருக்கிறது. ஏறத்தாழ ஒரு சாண் உயரம். மேலும் கீழும் வட்ட மரப்பலகை, அவற்றை இணைக்கும் மூன்று மெல்லிய தூண்கள், நடுவில் இரண்டு கண்ணாடிக் குமிழ்கள், உள்ளே வெண்ணிறத் துகள்கள். மின்கலம் கிடையாது, பொத்தான் கிடையாது, பயன்பாட்டுக் குறிப்பேடு கூடக் கிடையாது. அழகுக்காக நான் இதை வாங்கவில்லை. வேலைக்கும் வீட்டுக்கும் இடையில் ஓடிக்கொண்டிருக்கும் நாளில் ஒரு கால் மணி நேரமாவது தனியே அமர்ந்து, அன்று என்ன செய்தேன், எங்கே சறுக்கினேன், எதைக் கண்டும் காணாததுபோல் கடந்தேன் என்று எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே நோக்கம். ஆகவே அந்த ஒரு வேலைக்கு இது உதவுகிறதா என்பதை மட்டுமே இங்கு எழுதுகிறேன்.

இதற்கு முன் அதே நோக்கத்துக்காகக் கைப்பேசியில் ஒரு செயலியைப் பயன்படுத்தினேன். இனிய மணியோசை, கண்களை மூடச் சொல்லும் மென்குரல், தொடர்ந்து எத்தனை நாள் அமர்ந்தேன் என்று காட்டும் எண் என எல்லாம் அதில் இருந்தன. அந்த எண்தான் என்னைக் கெடுத்தது. நாற்பது நாளைத் தாண்டிய பின் காய்ச்சலில் ஒரு நாள் விட்டுப்போக, மறுநாள் திரையில் பூச்சியம் நின்றது. அடுத்த இரண்டு வாரங்கள் அந்த எண்ணை மீட்பதற்காகவே அமர்ந்தேனே தவிர, எதையும் சிந்தித்ததாக நினைவில்லை. போதாக்குறைக்கு, செயலியைத் திறக்கக் கைப்பேசியை எடுத்தாக வேண்டும். எடுத்தால் அலுவலகக் குழுவில் வந்திருக்கும் மூன்று செய்திகள் கண்ணில் படும். அவற்றுக்குப் பதில் எழுதி முடிக்கும்போது அமர வந்த காரணமே மறந்திருக்கும். மணற்கடிகாரம் எதையும் எண்ணி வைப்பதில்லை. நேற்று நான் அமர்ந்தேனா என்பது அதற்குத் தெரியாது. இதன் முதல் சிறப்பு இதுதான் என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

இரண்டாவது சிறப்பு, கண்ணுக்கு ஒரு வேலை கிடைப்பது. வெறுமனே அமர்வது நாம் நினைப்பதைவிடக் கடினம். வர்ஜீனியா பல்கலைக்கழக உளவியலாளர் திமோதி வில்சனும் அவருடைய குழுவினரும் 2014-இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வில், வெற்று அறையில் 15 நிமிடம் தம் எண்ணங்களோடு மட்டும் இருக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு, விரும்பினால் அழுத்திக்கொள்ளலாம் என்று மின்னதிர்ச்சி தரும் ஒரு பொத்தானும் தரப்பட்டது. அந்த அதிர்ச்சியைத் தவிர்க்கப் பணம் கொடுக்கவும் தயார் என்று முன்னதாகச் சொன்னவர்களிலேயே, 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் தாமாக அதை அழுத்தினார்கள். முதல் வாரத்தில் என் கை மேசையின் மீது கைப்பேசியைத் தேடித் துழாவியபோது இந்தச் செய்தி எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. கீழ்க்குமிழில் மணல் சிறு குன்றாகக் குவிந்து, உச்சி கூர்மையாகி, ஒரு கட்டத்தில் தாங்காமல் ஒரு பக்கமாகச் சரிந்து, மீண்டும் கூர்மையாவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் கை தானாக அடங்குகிறது. நாலைந்து சரிவுகளுக்குப் பிறகு மணல் பார்வையிலிருந்து விலகி, பகலில் சக ஊழியரிடம் பேசிய ஒரு கடுஞ்சொல் மெல்ல மேலே வருகிறது.

மணல் இறங்கும் விதத்திலும் ஒரு விந்தை உண்டு. தண்ணீர்ப் பாத்திரத்தில் துளையிட்டால், நீர்மட்டம் உயரமாக இருக்கும்போது வேகமாகவும், குறையக் குறைய மெதுவாகவும் ஒழுகும். மணல் அப்படியில்லை, துகள்களின் எடையில் பெரும்பகுதியை உராய்வின் வழியாகச் சுற்றுச்சுவரே தாங்கிக்கொள்வதால், மேலே எவ்வளவு இருந்தாலும் கழுத்தின் வழியே இறங்கும் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் கண்ணுக்கு அப்படித் தெரிவதில்லை. மேற்குமிழின் அகன்ற பகுதியில் மணல்மட்டம் அசைவதே தெரியாமல் இருந்து, கழுத்தை நெருங்கும்போது விறுவிறுவென்று தாழ்கிறது. அதைக் கண்டதும் எனக்குள் ஒரு சிறு பதற்றம் எழும். அதுவரை சுற்றி வளைத்துக்கொண்டிருந்த மனம் அப்போதுதான் உண்மையான கேள்விக்கு வரும். என் குறிப்பேட்டில் உருப்படியான வரிகள் பெரும்பாலும் அந்தக் கடைசி இரண்டு நிமிடங்களில் எழுதப்பட்டவைதான்.

இனி குறைகள். விற்பனைப் பக்கத்தில் துல்லியமான 15 நிமிடம் என்று எழுதியிருந்தார்கள். கைப்பேசியை வைத்து அளந்தபோது ஒரு பக்கம் 13 நிமிடம் 40 விநாடியும், திருப்பி வைத்தால் 14 நிமிடம் 25 விநாடியும் காட்டியது. விற்றவரைக் கேட்டதற்கு, இது அலங்காரப் பொருள்தானே என்று பதில் வந்தது. அப்படியானால் அந்தத் துல்லியம் என்ற சொல்லை எடுத்துவிட வேண்டும். சிந்திப்பதற்கு ஒரு நிமிடம் குறைந்தால் குடிமுழுகிப் போகாது என்பது உண்மை. ஆயினும் சொன்னது ஒன்று, தந்தது ஒன்று என்பதும் உண்மை.

இதைவிட மோசமானது அடைப்பு. ஒருநாள் இரவு நெடுநேரம் அசையாமல் அமர்ந்திருந்தேன். பல செய்திகள் தெளிவாயின. இத்தனை ஆழமாகவும் என்னால் சிந்திக்க முடிகிறதே என்று உள்ளூரப் பெருமைப்பட்டுக்கொண்டே நிமிர்ந்தால், மணல் பாதியிலேயே கழுத்தில் சிக்கி நின்றிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் நாற்பது நிமிடம் போயிருந்தது. மூடப்படும் நேரத்தில் துகள்களில் ஈரம் எஞ்சியிருந்தாலோ, துகள்கள் ஒரே அளவில் இல்லாவிட்டாலோ இப்படி நேரும். விரல் நுனியால் மெல்லத் தட்டினால் மீண்டும் இறங்கத் தொடங்கிவிடும். எட்டு மாதத்தில் நான்கு முறை இப்படி ஆனது.

முடியும்போது ஒலி எழுப்பாது என்பதைக் குறையாகச் சொல்வதா நிறையாகச் சொல்வதா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. அடுத்து ஒரு கூட்டத்துக்கு ஓட வேண்டியவர்களுக்கு இது ஒத்துவராது. ஆனால் முடிவு ஒன்று இருக்கிறது என்பது கண்ணெதிரே தெரிவதில் பெரிய நன்மை உண்டு. தன்னைத் தானே எண்ணிப் பார்ப்பது எப்போதும் நலம் தருவதில்லை. நடந்ததையே திரும்பத் திரும்ப அசைபோடுவது மனச்சோர்வை நீட்டித்து ஆழப்படுத்தும் என்பதை உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்ஸிமா பல ஆண்டுகள் ஆராய்ந்து காட்டியிருக்கிறார். நான் அந்த அசைபோடும் வகையைச் சேர்ந்தவள்தான். மணல் தீர்ந்தால் எழுந்துவிட வேண்டும் என்ற ஒரே விதியால், எத்தனையோ இரவுகளில் புலம்பலாக மாறியிருக்க வேண்டியது இரண்டு வரிக் குறிப்போடு நின்றிருக்கிறது. சில நாள் அந்த விதியையும் மீறியிருக்கிறேன், அதுவும் எதிர்த்திசையில். அந்தக் காலத்துக் கப்பல்களில் அரைமணி மணற்கடிகாரத்தைத் திருப்பும் பொறுப்பில் இருந்தவர்கள், காவல் நேரம் சீக்கிரம் முடியட்டும் என்று மணல் முழுதும் இறங்கும் முன்பே திருப்பிவிடுவது உண்டாம். களைத்திருந்த ஒரு மாலையில், மேற்குமிழில் விரற்கடை அளவு மணல் மீதமிருக்கும்போதே நான் அதைப் படுக்க வைத்துவிட்டு எழுந்தேன். யாரை ஏமாற்றினேன் என்று கேட்டுக்கொள்ள மறுநாள் வரை துணிவு வரவில்லை.

நான் எதிர்பாராத பயன் ஒன்று வீட்டாரிடமிருந்து கிடைத்தது. ரோமானிய அறிஞர் செனெக்கா, விளக்கை அகற்றி, தம் வழக்கம் அறிந்த மனைவி பேச்சை நிறுத்திய பிறகு, அன்றைய நாள் முழுவதையும் தமக்குத் தாமே விசாரித்துக்கொள்வதாகச் சினத்தைப் பற்றிய நூலில் எழுதியிருக்கிறார். அதைப் படிக்கும்போது எனக்கு வியப்பாகப் பட்டது அவருடைய மன ஒழுக்கம் அல்ல. அந்த வீட்டில் எல்லோருக்கும் புரிந்த ஓர் அடையாளம் இருந்தது என்பதுதான். கண்ணை மூடி அமர்ந்திருந்தால் என் வீட்டில் யாருக்கும் அது ஒரு வேலையாகவே தெரியாது. தூங்குகிறேன் என்றோ, கோபமாக இருக்கிறேன் என்றோதான் நினைப்பார்கள். மணல் ஓடுவது எல்லோருக்கும் புரிகிறது. கதவைத் திறக்கும் கணவர் குமிழைப் பார்த்துவிட்டு ஓசையில்லாமல் சாத்திக்கொண்டு போகிறார். ஆறு வயது மகள் அருகில் வந்து, மேலே எவ்வளவு மீதி இருக்கிறது என்று குனிந்து பார்த்து, "அம்மா, இன்னும் கொஞ்சம்தான் இருக்கு, நான் வெளியில நிக்கிறேன்" என்று கிசுகிசுத்துவிட்டுப் போகிறாள். கைப்பேசியோடு அமர்ந்திருந்த நாட்களில் இந்தச் சலுகையை யாரும் எனக்குத் தந்ததில்லை. தரவேண்டிய தேவையும் அவர்களுக்கு இருந்திருக்காது.

வாங்க நினைப்பவர்கள் ஐந்து நிமிடக் கடிகாரத்தைத் தவிர்க்கலாம்; மனம் அடங்குவதற்குள் தீர்ந்துவிடும். முப்பது நிமிடம் தொடக்கத்தில் தண்டனையாக இருக்கும். உள்ளே இருப்பது ஆற்றுமணலா, உருண்டையான கண்ணாடித் துகள்களா என்று கேட்டு, இரண்டாவதையே தேர்ந்தெடுங்கள். கூர்மையான மணலைவிட அது சீராக இறங்கும், அடைப்பும் குறைவு. கையில் வந்ததும் இரு பக்கமும் அளந்து பாருங்கள். நேரம் தவறாமல் எழுப்பிவிட ஒன்று தேவை என்பவர்களுக்கும், நாளுக்கு நாள் முன்னேற்றத்தை வரைபடமாகக் காண விரும்புபவர்களுக்கும் இது ஏமாற்றத்தையே தரும்.

இரண்டாம் முறை முறையிட்டபோது, திருப்பி அனுப்பினால் வேறொன்று தருவதாக விற்றவர் ஒப்புக்கொண்டார். பெட்டியில் வைத்து ஒட்டப்போகும் நேரத்தில்தான் கவனித்தேன்: அடிப்பலகையில் மகள் பென்சிலால் தன் பெயரையும் என் பெயரையும் எழுதி, நடுவில் ஒரு கோடு போட்டிருந்தாள். இப்போது 13 நிமிடம் 40 விநாடிப் பக்கம் அவளுக்கு, மற்றது எனக்கு.