ஒதுங்கிய லென்ஸ் எங்கே போய் உட்காரும்?

வெள்ளெழுத்து வந்த பிறகு தூரத்துக்கு ஒன்று, படிக்க ஒன்று, சால்டரிங் போன்ற பொடி வேலைக்கு ஒன்று என்று மூன்று கண்ணாடிகள் என் மேஜையில் கிடந்தன. எது தேவையோ அதுதான் கையில் சிக்காது. சரி, ஒரே பிரேமில் கூடுதல் லென்ஸைப் பொருத்தி, வேண்டும்போது இறக்கி, வேண்டாதபோது ஒதுக்கிவிடலாமே என்று நானே வரைந்து, 3டி பிரிண்டரில் அச்சடித்துப் பார்த்தேன். கண்ணுக்கு முன்னால் லென்ஸை நிறுத்துவது பெரிய வித்தை இல்லை. ஒதுக்கிய லென்ஸ் எங்கே போய் உட்காரும் என்பதில்தான் அத்தனை தலைவலியும்.

'அதற்குத்தான் பைஃபோகல் இருக்கிறதே' என்பீர்கள். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1785-லேயே தன்னுடைய இரட்டைக் கண்ணாடியைப் பற்றிக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஆனால் அதில் கிட்டத்துப் பவர் கீழ்ப் பாதியில் மட்டும் இருக்கும். தலைக்கு மேலே ஸ்க்ரூ முடுக்க வேண்டுமென்றால் கழுத்தைப் பின்னால் ஒடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இறக்கி ஏற்றும் லென்ஸில் முழு வட்டமும் கிட்டத்துக்குக் கிடைக்கும்.

முதலில் செய்தது மேல்கீல் வகை, அதாவது ஃபிளிப்-அப். மூக்குப் பாலத்துக்கு மேலே கீல், ஒரு விரலால் தட்டினால் லென்ஸ் மேலே போகும். இதில் எல்லோரும் செய்யும் தவறை நானும் செய்தேன்: 90 டிகிரியில் நிறுத்தினேன். லென்ஸ் தொப்பி விளிம்பு மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டு நின்றது. எடை முன்னால் தள்ளிப்போனதால், தலை குனிந்தால் போதும், கண்ணாடி மூக்கில் வழுக்கி இறங்கியது. உச்சி வெயிலில் படுக்கையாக நிற்கும் ப்ளஸ் லென்ஸ், அதாவது குவிலென்ஸ், என்ன செய்யும் என்று சின்ன வயதில் காகிதத்தைப் பொசுக்கிப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நிறுத்தத்தை 130 டிகிரிக்கு மாற்றினேன். லென்ஸ் நெற்றிப் பக்கம் சாய்ந்தது, வழுக்கல் பெருமளவு நின்றது.

பக்கக்கீல் வகைக்கு வயது அதிகம். லண்டனில் ஜான் ரிச்சர்ட்சன் 1797-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். மொத்தம் நான்கு லென்ஸ், கூடுதல் இரண்டும் கதவு மாதிரித் திறந்து காதுக்குப் போகும் கையோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும். எடை பின்னால் போவதால் மூக்குக்கு இதுதான் சுகம். பார்க்கவும் அழகு. ஆனால் ஒதுங்கிய லென்ஸ் கடைக்கண்ணை மறைக்கிறது. சாலையைக் கடக்கும்போது பக்கவாட்டில் வருவது விளிம்புக்குள் ஒரு நொடி காணாமல் போய்த் திரும்ப வந்தது. அன்றோடு கழற்றி வைத்துவிட்டேன். அந்தக் காலத்தில் பக்க லென்ஸில் நிறக் கண்ணாடி போட்டுக் காற்றுக்கும் தூசுக்கும் மறைப்பாக வைத்துக்கொண்டார்கள். அந்த வேலைக்கு அது பொருத்தம்தான்.

மேக்னட் வகையில் கீலே இல்லை. பிரேமில் இரண்டு குட்டி நியோடிமியம் காந்தம், கிளிப்பில் இரண்டு. கிட்டே கொண்டுபோனால் 'டக்'கென்று ஒட்டும், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில். அந்தத் துல்லியம் வேறெதிலும் இல்லை. ஆனால் கழற்றியது எங்கே போகும்? பாக்கெட்டுக்கு. அங்கே சாவிக்கொத்தோடு உரசி ஒரே மாதத்தில் கீறல் விழும். இரும்புத்தூள் பறக்கும் இடத்தில் காந்தத்துக்கு மீசை முளைக்கும். மெக்கானிக்கல் வாட்ச் பழுது பார்ப்பவர்கள் இந்தப் பக்கமே வரக்கூடாது, ஓட்டத்தைச் சீராக்கும் ஹேர்ஸ்பிரிங் என்ற மெல்லிய சுருளில் காந்தம் ஏறினால் கடிகாரம் தாறுமாறாக ஓடும். வெயிலுக்குக் கறுப்பு லென்ஸ் மாட்ட மட்டும் என்றால் நான் யோசிக்காமல் மேக்னட்டைத்தான் சொல்வேன். பிரேமைக் கவ்விப் பிடிக்கும் ஸ்பிரிங் கிளிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எந்த பிரேமிலும் மாட்டலாம், எந்த லென்ஸையும் கீறும்.

இனி எல்லா வகைக்கும் பொதுவான கணக்கு. ப்ளஸ் 4 பவர் லென்ஸை முன்னால் இறக்கினால் 25 செ.மீ. தூரத்தில் உள்ளது தெளியும். லென்ஸின் மையம் கண்பாவைக்கு நேராக வராவிட்டால் அது பட்டகம் (பிரிசம்) போலப் பிம்பத்தைத் தள்ளும். விலகல் எத்தனை செ.மீ.யோ அதைப் பவரால் பெருக்கினால் தள்ளலின் அளவு. கீல் தளர்ந்து ஒரு பக்கம் 2 மி.மீ. தொங்கினால் 0.2 × 4, அதாவது 0.8 பிரிசம் டயாப்டர் (இந்தத் தள்ளலை அளக்கும் அலகு), அதுவும் மேல்கீழாக. பக்கவாட்டு விலகலைக் கண்கள் ஓரளவு சமாளிக்கும், மேல்கீழ் விலகலைத் தாங்காது. 'புதுக் கண்ணாடி போட்டால் தலை வலிக்கிறது' என்று நான் புலம்பிய இரண்டு நாளுக்கும் காரணம் அந்த 2 மி.மீ.தான். அப்புறம், கிட்டே பார்க்கும்போது கண்கள் உள்நோக்கித் திரும்பும். ஆகவே கூடுதல் லென்ஸ்களின் மையங்களை, தூரத்து லென்ஸ்களைவிட ஒவ்வொரு பக்கமும் சுமார் 2 முதல் 3 மி.மீ. மூக்குப் பக்கம் நகர்த்தி வைக்க வேண்டும்.

இன்னொன்று, பூச்சு இல்லாத லென்ஸின் ஒவ்வொரு பரப்பும் விழும் ஒளியில் ஏறக்குறைய 4 சதவீதத்தைத் திருப்பிவிடும். கூடுதல் லென்ஸ் என்றால் கூடுதலாக இரண்டு பரப்பு. முதல் மாதிரியில் டேபிள் விளக்கின் பேய்ப்பிம்பம் ஒன்று சால்டரிங் முனைக்குப் பக்கத்திலேயே நின்று வம்பு செய்தது. எதிரொளி தடுக்கும் பூச்சுள்ள லென்ஸ் போட்ட பிறகுதான் நிம்மதி.

இப்போது மூக்கில் இருப்பது ஆறாவது மாதிரி: மேல்கீல், 130 டிகிரி, இரண்டு லென்ஸும் ஒரே சட்டத்தில். தனித்தனிக் கீல் வைத்தால்தானே ஒன்று மட்டும் தொங்கும்? கீல் ஸ்க்ரூவுக்கு நைலான் வாஷர் போட்டிருக்கிறேன். அப்படியும் பத்து நாளுக்கு ஒருமுறை முடுக்க வேண்டியிருக்கிறது. கண்ணாடியைக் கழற்றினால் ஸ்க்ரூ தெரிவதில்லை என்பதால், அதற்கு மட்டும் பழைய படிக்கும் கண்ணாடியை மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன்.